கொக்கின் கால் பட்டதா

1

இந்தக் கதை எங்கள் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டு மாடியறையில் குடியிருப்பவர் வாரநாள்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். வார இறுதியில் கால்பந்து ஆட்டங்களில் கோட்டோரம் ஓடிக் கொடி காட்டும் துணை நடுவர். (கூட்டத்திலிருந்து எவராவது “யோவ், கண்ணாடி வாங்கிப் போடுய்யா!” என்று கத்தினால், “நம்ம கடைக்கே வாங்க, தள்ளுபடி உண்டு” என்று மனத்துக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்வாராம்.) ஒரு திங்கட்கிழமைக் காலை அவர் தம் கொடியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன, துணி திருடு போயிடும்னு காவலா?” என்றேன்.

“நேத்து இதைத் தூக்கினேன் சார். தூக்கியிருக்கக் கூடாதோன்னு இருக்கு.”

பள்ளியில் மொழி கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எதைக் கேட்டாலும் அதில் ஒரு நீதி ஒளிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கம் என் கையை விட்டு இன்னும் போகவில்லை. நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். அவர் கண்டதும் காதில் விழுந்ததும் அவருடையவை; ஓர் இளைஞனின் நெஞ்சுக்குள் நடந்தவை என் ஊகம். இரண்டையும் கலந்துதான் பரிமாறப் போகிறேன்.

2

முதல் தொடக்கம்: பொன்வெயில் பொழியும் மாலையில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மைதானத்தில், இளங்காளை ஒருவன் சிங்கமென

இதைப் படித்த குடித்தனக்காரர், “சார், அந்த மைதானத்துல நடு வழுக்கை. மழை பேஞ்சா சேறு, பேயலேன்னா புழுதி. அப்புறம், அவன் ஒண்ணு காளையா இருக்கணும், இல்ல சிங்கமா இருக்கணும்” என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ஒரு குளத்தில் கொக்கு ஒன்றும் ஆமை ஒன்றும் நட்பாக வாழ்ந்துவந்தன. ஆமை தன் வாழ்நாளெல்லாம் குளத்தின் அடியிலேயே கிடந்து சேற்றைக் காத்தது. ஒருநாள் அதற்கும் மேலே வந்து மீன் பிடிக்கும் ஆசை

இதையும் நிறுத்தினேன். நீதிக் கதைகளில் கொக்கு எப்போதுமே கெட்டவன். வகுப்புக்கு வகுப்பு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குளிர்ந்த நீரில் ஒற்றைக் காலில் நின்றால் எவ்வளவு கால் கடுக்கும் என்று எந்தக் கதையும் கேட்டதில்லை. நம் ஆளான அந்த இளைஞனைப் பற்றிச் சொல்லவேண்டியதே அதுதான். ஆகவே பறவையை விட்டு ஆளிடம் வருகிறேன்.

3

கொக்கு என்பது அவனுக்கு அணியினர் வைத்த பட்டப்பெயர். நெட்டைக் கால்கள். எதிரணியின் கோலருகே அசையாமல் நிற்பான். பந்து வந்ததும் ஒரே கொத்து. முன்கள வீரன். கோல் போடுவது ஒன்றே அவன் தொழில். தச்சர் நாற்காலி செய்யாவிட்டால் மேசையாவது செய்யலாம். கோல் போடாத முன்கள வீரனிடம் காட்டுவதற்கு வேறு சரக்கு இல்லை.

பதினாறு வயதில் ஒரு கால்பந்துக் கழகம் அவனை “உயரம் பத்தாது” என்று அனுப்பிவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வஞ்சம் தீர்ப்பவன்போல வளர்ந்தான். பெரிய கழகம் ஒன்று கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது. முதன்முதலாக மாற்று ஆட்டக்காரனாக இறங்கிய அன்று, தன்னிடம் வந்த முதல் பந்தையே வலைக்குள் தள்ளினான். மறுநாள் அவனை அறியாதவர்களும் அறிந்தவர்கள்போலப் பேசினார்கள். பிறகு தொடைத் தசை கிழிந்தது. அது ஆறுவதற்குள் அவன் இடத்தில் இன்னொருவன் வேரூன்றிவிட்டான். பெரிய கழகம் அவனை இந்தச் சிறிய கழகத்துக்கு இரவல் கொடுத்தது.

(ஆட்டக்காரர்கள் இதை ‘லோன்’ என்கிறார்கள். எனக்கு ‘இரவல்’தான் பொருத்தமாகப் படுகிறது. கடன் கொடுத்தவர் தேதி பார்த்துத் திருப்பிக் கேட்பார். இரவல் கொடுத்தவருக்கு மழை வந்தால்தான் குடை ஞாபகம் வரும்.)

சிறிய கழகத்துக்கு வந்ததிலிருந்து அவன் ஒரு கோலும் போடவில்லை. பந்து கம்பத்தில் பட்டது, கோல் காவலர் முழங்காலில் பட்டது, ஒருமுறை சொந்த அணியின் தலைவர் முதுகிலேயே பட்டது. டயர் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. சன்னலோரம், உள்ளே செய்தித்தாள் அடைத்த காலணிகள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அம்மாவின் தொலைபேசி அழைப்பு. அவர் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர்.

“சாப்பிட்டியாடா?”

“ம்.”

“மேட்ச் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“அங்க வெயிலா?”

கோல் போட்டாயா என்று அவர் கேட்பதேயில்லை. கேட்காமலிருக்க அந்தத் தாய் படும் பாடு அவனுக்குக் கேட்கும். அவனும் வெயிலைப் பற்றி விரிவாகவே பேசுவான்.

அந்த ஆட்டப் பருவத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. பெரிய கழகம் திரும்ப எடுத்துக்கொண்டால் அவன் ஆட்டக்காரன். விட்டுவிட்டால், ஓராண்டு முழுவதும் கோல் போடாத ஒருவனை வேறெந்தக் கழகமும் திரும்பிப் பார்க்காது. கடைசி ஆட்டத்தைக் காணப் பெரிய கழகத்தின் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி, யாரோடும் பேச்சில்லை. தொப்பிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

4

இனி இன்னொருவரை அறிமுகப்படுத்தவேண்டும். சிறிய கழகத்தின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர், பட்டப்பெயர் பூட்டு. எதிரணி வீரர்களைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார் என்பதால் வந்த பெயர். தொழிலுக்கு வந்த நாள்முதல் அவர் ஒரு கோலும் போட்டதில்லை. “நீ கோல் போட்டா நான் மீசையை எடுத்துடறேன்” என்று அணியின் கோல் காவலர் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார். பூட்டின் சின்ன மகள் ஒருநாள், “அப்பா, நீங்க மட்டும் ஏன் அந்தப் பக்கம் போகவே மாட்டேங்கறீங்க? அங்க யாராவது அடிப்பாங்களா?” என்று கேட்டாளாம்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் போனார். எதிரணி தன் கோலருகிலிருந்து தட்டிவிட்ட பந்து அவர் காலடிக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். (கண்ணை மூடியது என் சேர்க்கை. குடித்தனக்காரர் ஒப்பவில்லை: “தொறந்துதான் சார் அடிச்சாரு, பாவம் அவரு.” சரி, திறந்தே உதைத்தார்.) எதிரணிக் காவலர் அதற்குமுன்பே சேற்றில் வழுக்கி விழுந்திருந்தார். பந்து, அவசரமில்லாத மாடு கொட்டிலுக்குத் திரும்புவதுபோல, ஆளில்லாத கோலை நோக்கி உருண்டது.

கோலுக்கு மிக அருகே, எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரையும் தாண்டி, தனியே நின்றான் கொக்கு. அங்கே நிற்பது மட்டும் குற்றமன்று. அங்கிருந்து பந்தைத் தொட்டால் ஆஃப்சைடு, கோல் செல்லாது. அவன் சும்மா நின்றால் போதும், பூட்டின் கோல்.

பந்து அவன் எதிரே வந்தது. அத்தனை மாதங்களாக எந்தப் பந்துக்காக நின்றானோ அதே பந்து, அதே வேகம், வலை கைக்கெட்டும் தூரம். நெட்டைக் கால் நீண்டது. பந்து வலைக்குள் விழுந்தது.

அவன் யாரையும் பார்க்கவில்லை. வலக்கையை உயர்த்திக்கொண்டு, “என் கோல்! என் கோல்!” என்று கூவிக்கொண்டு ஓடினான். மைதானத்தின் நடுவிலிருந்து பூட்டும் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். ஒரு பந்துக்கு இரண்டு கொண்டாட்டங்கள்.

“சார், அவன் நின்ன இடம் எனக்குத் தெரிஞ்சுது. கால் பந்துல பட்டுச்சான்னு தெரியல. நடுவுல ஒருத்தன் மறைச்சுட்டான். நான் கொடியைக் கீழேதான் வச்சிருந்தேன். அவன் கையைத் தூக்கினான் பாருங்க, அப்புறம்தான் நான் கொடியைத் தூக்கினேன். தொட்டவன்தானே சார் கை தூக்குவான்?”

ஊதல் ஒலித்தது. கோல் இரண்டு பேருக்கும் இல்லை என்றாயிற்று. ஆட்டம் கோலின்றி முடிந்தது.

5

உடைமாற்றும் அறைக்குள் என் குடித்தனக்காரர் போகவில்லை. ஆனால் நடுவர்களின் அறைக்கும் அதற்கும் நடுவே இருந்தது பலகைத் தடுப்பு. இவர் காலுறையைக் கழற்றுவதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

என் முதல் வரைவில் பூட்டு கொக்கின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நானும் அவர் வாயில் நல்ல வசனங்களாகப் போட்டிருந்தேன். கேட்டது அப்படி இல்லையாம். முதலில் தண்ணீர்க் குழாயின் சத்தம். பிறகு அணியின் கோல் காவலரின் குரல்:

“எப்பா, என் மீசை தப்பிச்சுது. கொக்கு, நீ நல்லா இருப்பே.”

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “சிரிக்கறதுக்கு இதுவாடா நேரம்?” என்றார்.

“ஏன்டா, அது தானா உள்ள போற பந்து. உனக்கு அங்க என்னடா வேலை?” இது பயிற்சியாளர்.



“விடுங்க கோச்” என்றது பூட்டின் குரல். “அவன் வேலையே அதானே.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக என் வசனங்கள் அத்தனையையும் கிழித்துப் போட்டேன். கோபம் இல்லாத மனிதரை எழுதுவது கடினம். கோபித்திருந்தால் கொக்குக்குத் திருப்பிக் கோபிக்கவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

6

வண்டிகள் நிறுத்தும் இடம். கொக்கு தோள்பையோடு வெளியே வந்தான். தொப்பிக்காரர் காத்திருந்தார். அவரைக் கடந்துபோகவிருந்த பூட்டும் நின்றார். பக்கத்திலேயே தம் ஸ்கூட்டரில் கொடிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தார் என் குடித்தனக்காரர்.

“தம்பி,” என்றார் தொப்பிக்காரர், “சுத்தி வளைக்க மாட்டேன். அந்த டச் உன்னோடதுதானே?”

கொக்கு நிமிர்ந்தான்.

“உன்னோடதுன்னா, இடம் தப்பு, ஆனா பசி சரி. பசி இருக்கிற பையனை எடுத்துக்கலாம்னு நான் மேல பேச முடியும். ஆனா தொடாமலே கை தூக்கியிருந்தா...” தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “அடுத்தவன் கோலுக்குக் கை தூக்கறவனுக்காக நான் பேசவே முடியாதுப்பா.”

பூட்டு ஓரடி முன்னே வந்தார். “எனக்கும் அதான் தெரியணும். ஏன்டா பண்ணேன்னு கேக்கல. பட்டுச்சா, படலியா?”

“அண்ணே...”

“உன் கால்ல படாம போயிருந்தா அது என் கோல்டா. கணக்குல ஏறாட்டியும் என் கோல். வீட்டுல போய்ச் சின்னவகிட்ட சொல்லிப்பேன். வேற யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.” பிறகு சிரித்தபடி, “மீசைக்காரன்கிட்டகூட” என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. பட்டது என்றால் அவன் ஆட்டக்காரன்; பூட்டுக்கு வாழ்நாளில் ஒரு கோலும் இல்லை. படவில்லை என்றால் பூட்டுக்கு ஒரு கோல் உண்டு. அவனுக்குக் கால்பந்து இல்லை.

7

“அப்புறம்?” என்றேன் குடித்தனக்காரரிடம்.

“ஸ்கூட்டரைக் கிளப்பிட்டேன் சார்.”

“என்னது?”

“உதைச்சேன், ஸ்டார்ட் ஆச்சு. அது போடற சத்தம்தான் உங்களுக்கே தெரியுமே. அவன் வாய் அசைஞ்சுது. வந்துட்டேன்.”

“அட மனுஷா! ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன குடியா முழுகிப்போயிடும்?”

அவர் காயும் கொடியைப் பார்த்தார். “படலைன்னு சொல்லிட்டான்னா, நான் தூக்கினது தப்புக் கொடி சார். ரெண்டு பேரு பொழைப்புல கை வச்ச கொடி. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எப்படிக் கோட்டோரம் ஓடுவேன்?”

அவரை நான் கோபிக்கவில்லை. ஆனால் என் கதை நடுத்தெருவில் நின்றது.

8

முடிவு, முதல் வகை: பட்டது என்றான். தொப்பிக்காரர் அவன் தோளைத் தட்டினார். பூட்டு, “அப்ப சரி” என்று சொல்லிப் பேருந்தை நோக்கி நடந்தார். கொக்கு பெரிய கழகத்தில் கோல்மேல் கோலாக

(எழுதும்போதே பேனா கனக்கிறது. அவன் சொன்னது உண்மையானால் இதில் பிழையொன்றும் இல்லையே? இல்லைதான். இருந்தும் கனக்கிறது.)

முடிவு, இரண்டாம் வகை: படவில்லை என்றான். பூட்டு அவனைக் கட்டிக்கொண்டார். அன்றிரவு ஒரு வீட்டில் சின்னப் பெண்ணொருத்தி

(இது வகுப்பில் கைதட்டல் வாங்கும் முடிவு. ஆனால் கைதட்டியவர்கள் யாரும் பிறகு டயர் கடை மாடிக்குப் போய் அவனோடு உட்காரப்போவதில்லை. அம்மாவிடம் அவன் எந்த வெயிலைப் பற்றிப் பேசுவான்?)

முடிவு, மூன்றாம் வகை: “தெரியலண்ணே” என்றான்.

(இதை நானே ஏற்கமாட்டேன். பந்து பட்டதா என்பது அவன் காலுக்குத் தெரியும். தெரியாது என்று அவனைச் சொல்லவைத்தால், தப்பித்துக்கொள்பவன் நான்தான்.)

எனவே வரைவில் மீந்திருப்பது இவ்வளவே. ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பிவிட்டது, சத்தமும் ஓய்ந்துவிட்டது. இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்கும். தொப்பிக்காரர் வலப்புறம் நிற்கிறார், பூட்டு இடப்புறம். கொக்கு பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைக்கிறான். உண்மை எதுவென்று அவனுக்குத் தெரியும். யாருக்கு எது வேண்டும் என்றும் தெரியும்.

“அந்தப் பந்து,” என்று தொடங்குகிறான், “என் கால்ல

(மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவசரம் வேண்டாம். எழுதும்போது அந்த இருவரில் யாருடைய முகத்தைப் பார்க்க உங்களால் முடியவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.)