வாசலிலேயே நின்ற ஓட்டு

வாஷிங்டன் நாடாளுமன்றத்தில் எங்கள் சுதந்திரக் குழு உறுப்பினர்களுக்குக் கொறடா கிடையாது. யாரும் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது என்பதே கொள்கை. மதியக் கூட்டத்துக்கு சாண்ட்விச்கூட ஆளுக்கொரு கடையிலிருந்துதான் வரும்.

நான் உறுப்பினர் ஹோஸ்டெட்லரின் உதவியாளன். நீதிபதி உத்தரவில்லாமல் அரசு எவருடைய கைப்பேசியையும் துழாவக் கூடாது என்ற எங்கள் சட்டத் திருத்தம் அன்று ஓட்டுக்கு வந்தது. பார்வையாளர் மாடத்தில் எங்கள் தொகுதியின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் மார்லீன் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு அனுப்பிய செய்திகளை அரசு படித்ததால் வேலை போய், வழக்குப் போட்டிருந்தவர். திருத்தம் தோற்றால் அவர் வழக்கும் தோற்கும்.

ஓட்டு எண்ணிக்கைப் பலகையில் இரு பக்கமும் சமம். சமம் என்றால் தோல்வி. ஓட்டுப் போடாதவர் லிண்ட்க்விஸ்ட் ஒருவர்தான். திருத்தத்தை எழுதியவரே அவர்தான்.

அவை வாசலுக்கு ஓடினேன். உலோகச் சோதனைக் கருவிக்கு வெளிப்பக்கம் லிண்ட்க்விஸ்ட் கைகட்டி நின்றிருந்தார்.

"சார், நேரம் முடியப்போகுது. உள்ள போங்க."

"நீதிபதி உத்தரவு இல்லாம என்னை எவனும் சோதிக்க முடியாது."

"சாவியைத் தட்டுல போட்டுட்டு நடங்க சார், அவ்ளோதான்," என்றார் காவலர்.

"சாவின்னு யார் சொன்னா?"

"உள்ள அதைத்தான் சார் சட்டமாக்கப் பாக்கறாங்க. நீங்க இல்லாம," என்றேன்.

"அப்ப நான் சொல்றது சரிதானே?"

உள்ளே ஓடி ஹோஸ்டெட்லரிடம் கெஞ்சினேன். "நீங்களாவது வந்து சொல்லுங்க சார்."

"அவருக்கு நான் எப்படிப்பா உத்தரவு போடறது?"

சபாநாயகரின் சுத்தி விழுந்தது. அந்தச் சுத்தியை வாங்கி யார் தலையில் போடுவது என்பதில் மட்டும்தான் எனக்குக் குழப்பம்.

லிண்ட்க்விஸ்ட் கேமராக்களுக்கு முன்னால் போய், கொடுங்கோன்மைக்குத் தான் தலைவணங்கவில்லை என்றார். நிருபர்கள் பாராட்டும் முகத்தோடு எழுதிக்கொண்டார்கள். பிறகு படியிறங்கி வந்த மார்லீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களுக்காகத்தாம்மா நின்னேன்."

"நான் வர்றப்ப என் பையைக் கொட்டிப் பாத்தாங்க. மாத்திரை டப்பாவைக்கூடத் திறந்தாங்க. ஓட்டைப் பாக்கணுமேன்னு பேசாம இருந்தேன்," என்றார் மார்லீன். "அப்படி உங்க பாக்கெட்ல என்னதான் வச்சிருக்கீங்க?"

லிண்ட்க்விஸ்ட் புன்னகைத்தார். "அது என் சொந்த விஷயம்மா."

"என் போனையும் அப்படித்தாங்க நெனச்சேன்."

மார்லீன் கையை உருவிக்கொண்டு வெளியே போனார். 'கொள்கை வென்றது' என்று அறிக்கை எழுதச் சொன்னார் ஹோஸ்டெட்லர். உத்தரவு இல்லையாம், வேண்டுகோளாம். நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு மார்லீனுக்கு டாக்சி பிடிக்கப் போனேன்.