கம்மியில் கம்மி

கணினித் திரையில் எழும்பி இறங்கிய கோட்டைத் தென்றல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். மில்பிடாஸில் இருக்கும் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த பிறகு அவள் பெயர் போட்டு வெளியே போகவிருந்த முதல் அறிக்கை அது. தூக்கத்துக்காகச் சாப்பிடும் மிட்டாய். கம்மி என்று எல்லோரும் சொல்லும் ஜெல்லி மிட்டாய். ஒன்றுக்கு இருபத்தைந்து மில்லிகிராம் சிபிடி இருக்க வேண்டும் என்பது தயாரித்தவர் லேபிளில் போட்ட கணக்கு. கருவியோ ஒன்பது என்றது.

'நான்தான் எங்கேயோ சொதப்பிட்டேன்' என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. ஈரோட்டில் வேதியியல் படித்து, கோயமுத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் இதே மாதிரிக் கருவியோடு மல்லுக்கட்டியவள்தான். ஆனால் கணவன் வேலுமணியோடு இங்கே வந்த பிறகு விசா இடம் கொடுக்காமல் வருடக்கணக்கில் வீட்டோடு கிடந்தாள். மகள் அதிதி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடமும் போன பிறகுதான் வேலை பார்க்கும் அனுமதி கைக்கு வந்தது. இத்தனை நாள் தோசைக்கல்லும் டயப்பருமாக இருந்த கைக்கு இதெல்லாம் மறந்திருக்காதா?

மிட்டாயை மறுபடி உறையவைத்துப் பொடித்தாள். கரைத்தாள், வடிகட்டினாள், கருவிக்குள் விட்டாள். மறுபடியும் ஒன்பதுதான். போதாக்குறைக்கு, கோட்டின் வலது பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. அது டிஹெச்சி. ஹெம்ப் என்கிற அந்தக் கஞ்சா இனத்துச் செடியில் சிபிடி, டிஹெச்சி இரண்டும் இருக்கும். முன்னது போதை தராது, பின்னதன் வேலையே போதைதான். லேபிளில் 'டிஹெச்சி அறவே இல்லை' என்று போட்டிருந்தது.

மேற்பார்வையாளர் மரியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தாள். "உன் கையில் தப்பில்லை. உன் முகத்தில்தான் தப்பு. ஏன் திருடியவள் மாதிரி நிற்கிறாய்? அனுப்பு" என்றாள்.

மாதிரிகள் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணும் லேபிளில் உள்ள கணக்கும் மட்டும் போட்டுத்தான் அவள் மேசைக்கு வரும். அறிக்கையை அனுப்பும்போதுதான் தயாரிப்பாளரின் பெயர் தெரியும். பெயரைப் பார்த்ததும் தென்றல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். 'தாலேலோ கம்மீஸ்'. ஜெயபிரகாஷ் அண்ணாவுடையது.

ஜெயபிரகாஷைத் தெரியாத தமிழர் அந்த வட்டாரத்தில் இல்லை. சிப் கம்பெனியில் இருந்த வேலை போனதும் மூலையில் உட்காராமல், ஒரு வாடகைச் சமையல் கூடத்தைப் பிடித்துக் கம்மி செய்ய இறங்கியவர். அதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் மனைவி சாரதாவுக்குத் தூக்கம் வராது. கடையில் வாங்கிய எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. 'என் பொண்டாட்டியைத் தூங்க வைக்கிற மிட்டாயை நானே செய்யறேன் பாரு' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தொடங்கிய தொழில். தாலேலோ என்று பெயர் வைத்ததே சாரதாதான்.

அன்று மதியமே போன் வந்தது.

"தென்றல், நீயாம்மா டெஸ்ட் பண்ணது?"

"ஆமாங்கண்ணா."

"என்னம்மா இது, ஒன்பது? அது என்ன நம்பர்?"

"அதுங்கண்ணா... உங்க கம்மில சிபிடி கம்மியா இருக்குதுங்க."

சொன்ன பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது.

"ஜோக் அடிக்கறியா?"

"ஐயோ, இல்லீங்கண்ணா! நெசமாவே கம்மிங்க!"

"நான் ஒவ்வொரு பேட்சுக்கும் சிபிடி எண்ணெய தராசுல வெச்சு அளந்து ஊத்தறேன். ஒரு சொட்டு கொறைக்கல. அப்ப மிச்சம் எங்க போச்சு? ஆவியாவா போச்சு? அப்பறம் டிஹெச்சி வேற இருக்குங்கற. சப்ளையர் ரிப்போர்ட்ல இல்லவே இல்லன்னு தெளிவா போட்டிருக்கான். கலிஃபோர்னியால துளி தெரிஞ்சாலும் விக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமில்ல? வேற லேப்லலாம் என்ன நம்பர் வேணும்னு கேட்டுட்டுத்தான் டெஸ்டே பண்றாங்களாம். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா?"

தென்றல் போனை மறு காதுக்கு மாற்றினாள். இந்த மனிதர் வீட்டுக் கொலுவில்தான் அதிதி முதன்முதலாகப் பாடினாள். ஆனாலும் குரல் தானாகவே நேராக வந்தது.

"மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கண்ணா, நூறு தடவ வேணாலும் பண்றேன். ஆனா மெசின் காட்டறதத்தானுங்க நான் எழுத முடியும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

வீட்டில் வேலுமணி கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினான். "கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும் விடு. சனிக்கெழம பொங்கல் விழாவுல மூஞ்சியத் திருப்பிக்குவாரு, அவ்வளவுதான? நமக்கென்ன, சாப்பாட்டு வரிசையில பொங்கலா தரமாட்டாங்க?"

சனிக்கிழமை சான்டா கிளாராவில் ஒரு பள்ளி அரங்கத்தில் விழா. முக்கிய நிகழ்ச்சி பட்டிமன்றம். 'அமெரிக்க வாழ்வில் நமக்குக் கூடியது வசதியா, வேலையா?' என்பது தலைப்பு. நடுவர் சாரதா. வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவள். அவள் வகுப்பில் பிள்ளைகள் மட்டுமல்ல, கொண்டுவந்து விடும் அப்பாக்களும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். பேசுகிறவர் நேரத்தைத் தாண்டினால் மணியை அடிக்க மாட்டாள். பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே ஆள் உட்கார்ந்துவிடுவார்.

வசதி அணியிலிருந்து பசுபதி அங்கிள் எழுந்தார். "நடுவர் அவர்களே" என்று தொடங்கினார்.

சாரதா களுக்கென்று சிரித்தாள்.

பசுபதி அங்கிள் திடுக்கிட்டுத் தன் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "இங்கே பாத்திரம் கழுவ மெஷின் இருக்கிறது" என்று தொடர்ந்தார். சாரதா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினாள். "அந்த மெஷினுக்குள் பாத்திரத்தை அடுக்குவது யார்? நான்!" என்றதும் அவள் மூக்குக்கண்ணாடியே கழன்று விழுந்தது. முதலில் முன்வரிசைக்குத் தொற்றியது. பிறகு அரங்கமே சிரித்தது. வாழ்க்கையில் ஒருமுறைகூட யாரையும் சிரிக்க வைத்திராத பசுபதி அங்கிள், தனக்குள் இப்படி ஒரு கலைஞன் இருந்திருக்கிறானே என்று பூரித்துப்போய், ஒத்திகையில் இல்லாததையெல்லாம் பேசினார்.

கடைசியில் தீர்ப்பு. சாரதா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். "வசதி அணி நல்லாப் பேசினாங்க. வேலை அணியும் நல்லாப் பேசினாங்க. எனக்கு எல்லாரையும் ரொம்பப் புடிச்சிருக்கு. வாங்க, சாப்பிடப் போலாம்."

விசில் பறந்தது. ஓரத்தில் நின்ற ஜெயபிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. தென்றலும் சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

சாப்பாட்டு வரிசையில் சாரதாவின் பின்னால் போய் நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு பயங்கர குஷியா இருக்கீங்க. ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

"அத ஏன் கேக்கற! இப்பெல்லாம் படுத்தா கல்லு மாதிரி தூங்கறேன்டி. நேத்து மட்டும் மேடை பயத்துல தூக்கம் வரல. அதான் மத்தியானம் ரெண்டு கம்மி போட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன். எந்திரிச்சதுலேர்ந்து எல்லாமே அழகா தெரியுது. இந்த வடைய பாரேன், எவ்ளோ ரவுண்டா இருக்கு!"

"கடையில விக்கற கம்மியாக்கா?"

"ச்சே, அழகா வர்றதெல்லாம் பாட்டிலுக்குப் போயிடும். கடைசி ட்ரேல அண்டாவ வழிச்சு ஊத்துவார் பாரு, அது கோணல்மாணலா வரும். அதான் எனக்கு. அதுல எண்ணெய் கொஞ்சம் தூக்கலா மினுமினுக்கும், எனக்கு அதான் புடிக்கும்."

தென்றல் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஜெயபிரகாஷைத் தேடிப் போனாள். அவர் வாசலருகே தனியாக நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். அவள் விடவில்லை.

"அண்ணா, உங்க அண்டாவுல கம்மிப் பாகு மேல இருந்து மொண்டு ஊத்துவீங்களா, அடியில கொழாய் இருக்குதுங்களா?"

"அடியில கொழாய். ஏன்?"

"எங்களுக்கு அனுப்புனது எந்த ட்ரே?"

"மொத ட்ரே. அதுதான் பாக்க நல்லாருக்கும்."

"எண்ணெய் ஆவியாப் போகலீங்கண்ணா. மேல மெதந்துருக்குது. புளிக்கொழம்பு ஆறுனா எண்ணெய் மேல நிக்குமில்ல, அந்த மாதிரி. அடியில இருந்து புடிக்கறப்ப மொத ட்ரேக்கு வெறும் பாகுதான் வருது. எண்ணெய் பூராவும் கடைசி ட்ரேக்குப் போகுதுங்க. அதத்தான் அக்கா சாப்பிடறாங்க."

ஜெயபிரகாஷ் அவளைப் பார்த்தார். பிறகு அரங்கத்துக்குள்ளே பார்த்தார். அங்கே சாரதா பசுபதி அங்கிளுக்கு இன்னொரு வடை வைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவ சிரிக்கறது..."

"டெஸ்ட் பண்ணாம சொல்ல மாட்டேங்கண்ணா. ஆனா அது வரைக்கும் அக்காவ அதச் சாப்பிட விடாதீங்க. கார் ஓட்டவும் விடாதீங்க."

அவர் உள்ளே போய் மனைவியின் கைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அவரே நேரில் வந்தார். முதல் ட்ரே, நடு ட்ரே, கடைசி ட்ரே என்று மூன்று டப்பாக்கள். வழக்கம்போல அவற்றுக்கும் குறியீட்டு எண் ஒட்டப்பட்டது. எது எந்த ட்ரே என்று தென்றலுக்குச் சொல்லாமல் மரியாதான் ஒட்டினாள். ஆனால் முடிவு வந்தபோது சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றில் எட்டு, ஒன்றில் பதினான்கு, இன்னொன்றில் அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றின் பக்கத்தில், போன தடவை சின்ன மேடாக இருந்த டிஹெச்சி இப்போது ஒரு குன்றாக நின்றது. சப்ளையர் 'இல்லவே இல்லை' என்று எழுதிக் கொடுத்த எண்ணெய்.

மரியா ஜெயபிரகாஷைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தென்றல் தயாராக நின்றாள். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிப்போனாள். இல்லை, சிரிக்கிறார்.

"கல்யாணமாயி இத்தன வருஷத்துல என் ஜோக்குக்கு அவ சிரிச்சதே இல்லம்மா. இந்த ரெண்டு மாசமா விழுந்து விழுந்து சிரிச்சா. நான் ஏதோ நமக்குத் தெறம வந்துடுச்சுன்னு நெனச்சேன்!"

தென்றலுக்கும் அடக்க முடியவில்லை. என்ன ஏது என்று புரியாமலே மரியாவும் சிரித்தாள். பிறகு அவர் முகம் மெல்ல அடங்கியது. "அவளுக்கு பிரஷர் மாத்திர வேற இருக்கு. இது தெரியாம எவ்ளோ பேருக்கு வித்திருப்பேன்... சாரிம்மா. அன்னிக்கு அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னேனே, அது ரொம்ப தப்பு."

"அதெல்லாம் விடுங்கண்ணா. முதல்ல அக்காவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அன்றே கடைகளிலிருந்து பாட்டில்களைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சாப்பிட வேண்டாம் என்று தானே போன் போட்டுச் சொன்னார். எண்ணெய் சப்ளையரை மாற்றினார். இப்போது வரும் எண்ணெய் அவர் அண்டாவுக்குள் போவதற்கு முன்பு தென்றலின் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். பாகையும் எண்ணெயையும் பிரியாமல் கலந்தடிக்கும் ஒரு மெஷின் வாங்கிப் போட்டார். அதன் இரைச்சலில் பக்கத்துக் கூடத்தில் கேக் செய்கிறவர் வந்து சண்டை போட்டார். அவருக்கு ஒரு வாளி பொங்கல் கொடுத்துச் சமாதானம் செய்தாராம்.

புதிய கம்மி பரிசோதனைக்கு வந்த அன்று தென்றல் மூன்று ட்ரேயையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். இருபது, இருபது, பத்தொன்பதரை. டிஹெச்சி இருக்க வேண்டிய இடத்தில் கோடு மேசை விளிம்பு மாதிரி சமமாக ஓடியது. பழைய இருபத்தைந்தை எடுத்துவிட்டுப் புது லேபிளிலும் இருபது என்றுதான் அச்சடித்திருந்தார்.

அவள் போனில் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பிறகு சாரதாவின் குரல். பழைய டீச்சர் குரல்.

"என்னடி, பாஸா?"

"பாஸுங்கக்கா! நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கம்?"

"டாக்டர் சாயங்காலம் நடக்கச் சொன்னார், நடக்கறேன். பரவால்ல, தூங்கறேன். ஆனா ஒரு கூத்து கேளு. போன வருஷ பட்டிமன்ற நடுவர விட நான்தான் பெஸ்ட்னு சங்கத்துல பேசிக்கறாங்களாம். பசுபதி சார் தனி நிகழ்ச்சியே போடப்போறாராம், என்னைத்தான் முன்வரிசையில வந்து உக்காரணும்ங்கறார். நான் எங்க போயி ஒளியறது?"

ஜெயபிரகாஷ் அதோடு நிற்கவில்லை. வாரச் சந்தையில் போட்ட கடையில், தோற்றுப்போன பழைய அறிக்கையையும் தேறிய புது அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அந்த லேப்ல ஒரு பொண்ணு இருக்கு. நான் கெஞ்சினேன், மசியல. தைரியமா வாங்குங்க" என்றார். அதைக் கேட்டு மற்ற கம்மிக்காரர்களும் எண்ணெய்க்காரர்களும் தங்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். வரவேற்பு மேசையில் பெட்டிகள் குவிந்தன. மரியா ஒரு நாள் காலையில் தென்றலைக் கூப்பிட்டு, தற்காலிக வேலையை நிரந்தரமாக்கிவிட்டதாகச் சொன்னாள். "இப்போதாவது அந்தத் திருட்டு முகத்தை மாற்று" என்றாள்.

அன்று சாயங்காலம் வேலுமணி எல்லோரையும் சான்டா கிளாராவில் தோசை சாப்பிட அழைத்துப் போனான். அதிதி அம்மாவின் போனைப் பிடுங்கி, அதிலிருந்த தாலேலோவின் புது அறிக்கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடியில் 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் இருந்த பெயரை விரலால் தொட்டாள்.

"அம்மா, இட்ஸ் யூ! யூ டிட் திஸ்?"

"நாந்தான் கண்ணு."

"வாவ். கேன் யூ டெஸ்ட் மை வைட்டமின் கம்மீஸ் டூ?"

"அதுல என்ன சந்தேகம் உனக்கு?"

"தே டேஸ்ட் டூ குட்" என்றாள் அதிதி, மிகுந்த பொறுப்போடு.

வேலுமணிக்குப் புரையேறிவிட்டது. தென்றல் சிரித்துக்கொண்டே அவன் தலையில் தட்டினாள். தட்டிய கையாலேயே சர்வரைக் கூப்பிட்டு, இன்னொரு நெய் ரோஸ்ட் சொன்னாள்.