ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மழை

படித்தவர்கள் வாயில் வருவதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. பெற்ற மகள் சொன்னாலும் அப்படித்தான். அவள் வானிலை ஆபீசில் வேலை பார்க்கிறாள். நான் கொத்தனார்.

அன்று ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடவேண்டும். கம்பி கட்டியாயிற்று, கலவை மெஷின் வந்துவிட்டது. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது, ஒட்டு விழுந்து ஒழுகும். போடும்போது மழை கொட்டினாலோ சிமெண்டெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

“அப்பா, அங்க மழை வெளுத்து வாங்குதா?”

“வெயில் மண்டையைப் பிளக்குது. எவன் சொன்னான் மழைன்னு?”

“ரேடார்ப்பா. மலை மேல கோபுரத்துல சுத்துதே, அது. இதுவரைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கத் தனி ரூமுக்கு ஓடணும். இன்னைக்குத்தான் எங்க கம்ப்யூட்டர்ல மேப்பு மேலயே வர்ற மாதிரி இணைச்சோம். உங்க தலைக்கு மேல சிவப்பா காட்டுது.”

“உன் கம்ப்யூட்டருக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டு.”

மெஷின்காரன் மொட்டை என் பக்கத்தில் நின்று சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

“வேற எங்கயாவது மழை தெரியுதா?”

சாரத்தில் ஏறிப் பார்த்தேன். கிழக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் வானம் கரியாக இருந்தது. சொன்னேன். போனில் அவள் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“தப்பு என்னோடதுப்பா. ரேடார் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். மலையைப் போடாம, அதுக்கு மேற்கே இருக்கிற எங்க ஆபீஸைப் போட்டுட்டேன். படம் மொத்தமா மேற்கே தள்ளிடுச்சு. நீங்க பார்க்கிறதுதான் அந்த மழை. ஆனா உங்க பக்கம்தான் வருது. தளம் போடாதீங்க.”

“இப்பத்தானே பொய் சொல்லுச்சு. அதை நம்பி வேலையை நிறுத்தணுமாக்கும்?”

“அது பொய் சொல்லல. நான் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன்.”

“மழை வருதுன்னு அது சொல்லுதா, நீ சொல்றியா?”

“நான் சொல்றேன்.”

கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டிருந்தால் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

வீட்டுக்காரர் எகிறினார். “இந்த வெயில்ல மழையா? உங்க பொண்ணு என்ன, வானத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கா?”

சிமெண்ட் மூட்டைகளை உள்ளே ஏற்றச் சொன்னேன். கடைசி மூட்டை மொட்டையின் தோளில் இருக்கும்போதே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரே ஓடிப்போய்த் தார்ப்பாயைப் பிடித்தார்.

மகளைக் கூப்பிட்டேன்.

“வந்துடுச்சு.”

“எவ்வளவு பலமாப்பா?”

போனை வெளியே நீட்டிக் கேட்கவைத்தேன்.

“கம்ப்யூட்டர்ல ரேடார் இடத்தை மாத்திட்டேன்ப்பா. இப்ப படம் சரியா இருக்கு.”

“இருக்கட்டும். அடுத்த தடவையும் நீயே போன் பண்ணிச் சொல்லு.”