வெற்றுத்தாளுக்கு முழு மதிப்பெண்

பூட்டின் சாவித்துளைக்குள் குளவி மண் திணித்து வைத்திருக்கிறது, பியூன் கோணூசியால் குத்திக் குத்தி எடுக்கிறார், வேதியியல் ஆய்வகத்தின் கதவு எங்கள் கண்முன் முதன்முறையாகத் திறக்கிறது, அன்றுதான் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. பிளஸ் ஒன் பாதியிலேயே வேதியியல் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, கலெக்டரிடம் மனு கொடுத்தோம், ஆள் போட நிதி இல்லை என்றார்கள், தமிழாசிரியை கமலவேணி டீச்சர்தான் அந்தப் பீரியடில் வந்து உட்காருவார், சத்தமா வாசிங்கடி, எனக்கும் புரியல, வாசிச்சாலாவது காதுல விழட்டும் என்பார், நாங்கள் வாசித்தோம், அமிலம் காரம் எல்லாம் செய்யுள்போல ராகமாகக் காதில் விழுந்தது, இன்றும் சில கனவுகளில் அந்த ராகம் கேட்கிறது, விழித்தால் ஒரு வரிக்கும் பொருள் தெரியாது.

உள்ளே பல்லி எச்சமும் தூசியுமாக மேசைகள், கரும்பலகையில் தலைமையாசிரியர் அளவீடுகளை எழுதிப் போட்டுவிட்டார், பாத்து எழுதிட்டுக் கெளம்புங்க என்கிறார், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஓரமாக நிற்கிறார், எல்லோரும் குனிந்து எழுதுகிறோம், பக்கத்திலிருந்த அஞ்சுகம் மட்டும் எழுந்து நிற்கிறாள், செங்கல் சூளைக்காரர் மகள், வகுப்பிலேயே கேள்வி கேட்கிற ஒருத்தி. சார், நாங்க இதையெல்லாம் தொட்டதே இல்ல, ஒரே ஒரு வாட்டி செஞ்சு காட்டுங்க, அப்புறம் நானே செஞ்சு எழுதறேன். ஒக்காரு, உன் ஒருத்தியால எல்லாருக்கும் மார்க்கு போயிடும் என்று தலைமையாசிரியர் கத்துகிறார், தேர்வாளர் முகத்தில் என்னவோ அசைந்தது, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு பியூரெட் என்கிற அளவுக் குழாய் ஒன்றை எடுத்தார், அதன் திருகு இறுகிப்போய்த் திரும்பவில்லை, குப்பிகளைத் தூக்கிப் பார்த்தார், ஒட்டியிருந்த சீட்டுகளைக் கரப்பான் தின்றுவிட்டிருந்தது. இதுல ஆசிட் எது தண்ணி எதுன்னு எனக்கே தெரியலம்மா, இன்னொரு ஸ்கூலுக்கும் போவணும், உனக்கும் சேத்து முழு மார்க்கு போட்டுட்டுப் போறேன், ஒக்காரு. எனக்கு வேணாம் சார் என்று அஞ்சுகம் பெயரை மட்டும் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள், வேப்பமரத்தடியில் அவள் முதுகு குலுங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் பலகையைப் பார்த்து எழுதினேன்.

தேர்வு முடிவு வந்தது, வேதியியல் எழுத்துத் தேர்வில் நாங்கள் பாதிப்பேருக்கு மேல் தோற்றிருந்தோம், நானும் அஞ்சுகமும் அதில் உண்டு, ஆனால் செய்முறையில் எல்லோருக்கும் முழு மதிப்பெண், அவளுக்கும். மதிப்பெண் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் நுழைகிறாள், நான் பின்னாலேயே ஓடுகிறேன், நான் ஒண்ணுமே எழுதலையே சார், வெறுந்தாளுக்கே முழு மார்க்குன்னா எழுதின இவ மார்க்குக்கு என்னா சார் அர்த்தம் என்று என்னைக் காட்டிக் கேட்கிறாள், எனக்குக் காது சுட்டது, அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, உங்களுக்குக் கெடுதலா பண்ணோம், பாஸ் ஏன் கொறஞ்சுதுன்னு ஆபீசருங்க மீட்டிங்ல என்னை நிக்க வெச்சுக் கேக்கறாங்கம்மா, நான் எங்க போவேன் என்றார், குரல் தழைந்திருந்தது. அஞ்சுகம் மதிப்பெண் பட்டியலை மடித்துக்கொண்டே கேட்டாள், அடுத்த வருசம் என் தங்கச்சி பிளஸ் ஒன் வரா, மருந்து சம்பந்தமா படிக்கணும்னு சொல்லிட்டே இருக்கா, அதுக்குள்ளயாவது வாத்தியார் வருவாங்களா சார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், அக்கறையோடுதான் சொன்னார், அந்த அக்கறையைத்தான் இத்தனை வருடம் கழித்தும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, பேசாம தங்கச்சிய காமர்ஸ்ல சேத்துடும்மா, அதுக்கு ஆள் இருக்காங்க.