ஆடி கழியட்டும்

ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு அடுக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் தனபாலன் குடோன் ஏணியிலிருந்து விழுந்தார். உஸ்மான் ரோட்டில் எங்கள் ஜவுளிக்கடை. அன்றே முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. அதற்கு யாரும் நாள் பார்க்கவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

அடையாறில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஸ்ரீரஞ்சனிதான் ஒரு புரதத்தைப் பற்றிச் சொன்னார். ஆய்வகத்தில் வடிவமைத்தது. தொடர்பு அறுந்த இடத்தில் ஒரு நரம்புச் செல்லையும் அடுத்ததையும் ரவிக்கைக் கொக்கி மாட்டுவதுபோலப் பிடித்துச் சேர்க்குமாம். எலிகள் எழுந்து நடந்திருக்கின்றன. மனிதருக்கு இப்போதுதான் முதல் சோதனை.

"நடப்பார்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா அடிபட்ட ஒரு மாசத்துக்குள்ள ஊசி போட்டாகணும். அப்புறம் தழும்பு கட்டிடும், புரதம் பிடிக்க இடம் இருக்காது," என்றார்.

அன்றே போட்டுவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. மாமனார் பஞ்சாட்சரம் கேட்டால்தானே.

"ஆடி கழியட்டும் தாயி. முதமுதலா மனுசனுக்குப் போடுற ஊசி. ஆடில தொடங்கப்படாது. ஆவணி முதல் முகூர்த்தத்துல போடுவோம்."

"அதுக்குள்ள மாசம் தாண்டிரும் மாமா."

"நாலு நாள்தானே. கடைசி நாள்னு நம்ம கடையிலயும்தான் போர்டு வைக்கோம். அன்னைக்கேவா தள்ளுபடிய நிறுத்துதோம்? கேட்டா நீட்டித் தருவாங்க."

உடம்பும் தள்ளுபடி விற்பனையும் ஒன்றா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய என் வீட்டுக்காரரிடமே போய்ச் சண்டை போட்டேன். "அப்பா மனச நோகடிச்சு எனக்கு ஒரு ஊசியும் வேண்டாம் ஹம்சா," என்று கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் போன் செய்தபோதெல்லாம் மாமனாரே எடுத்து, "வாரோம்மா, வாரோம்," என்றார்.

ஆவணி முகூர்த்தத்தன்று கபாலீஸ்வரர் கோயில் திருநீற்றை மகன் நெற்றியில் பூசி, ஆம்புலன்ஸில் ஏற்றினார். அடையாறில் புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"தழும்பு கட்டிடுச்சு சார். இனிமே போட்டா ஆபத்துதான் மிச்சம்."

"நாலு நாள்தானேம்மா தாண்டிச்சு. கொஞ்சம் தயவு பண்ணுங்க."

"நாலு நாள்ல வந்த தழும்பு இல்ல சார். தினமும் கொஞ்சம் கொஞ்சமா வந்தது. நான் தயவு பண்ணி என்ன ஆகப்போகுது?"

மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டார்.

"விடுங்கப்பா. என் நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

அவர் மன்னித்துவிட்டார். பெற்ற அப்பாவை அவர் மன்னிக்கட்டும். எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஜென்மத்தில் அது ஆறாது.

திரும்பும் வழியில், தேனாம்பேட்டை நெரிசலில் வண்டி நின்றபோது, அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"ஹம்சா, என் காலு ரெண்டும் நேரா இருக்கா பாரு."

ஒரு கால் சரிந்து ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கி, வழியெல்லாம் வண்டிக் கதவில் இடித்திருந்தது. விரலில் ரத்தம் கசிந்திருந்தது. எடுத்து மேலே வைத்துப் போர்த்தினேன்.

"நேராத்தான் இருக்குங்க," என்றேன்.