தலைகீழ்த் தாழ்ப்பாள்

என் சம்பந்தி முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்டுக் கை நீட்டுவார். எங்கள் பிள்ளைகளின் கல்யாணப் புகைப்படத்தில்கூட என் பக்கம் கையை நீட்டியபடிதான் நிற்கிறார்.

நான் விமானக் கம்பெனிப் பட்டறையில் இருந்தவன். இருக்கை, கதவு, தாழ்ப்பாள் என்று பயணிகள் புழங்கும் இடமெல்லாம் என் ராஜ்ஜியம். ஓய்வு பெற்ற பிறகு ராஜ்ஜியத்தின் எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். முதலில் இறக்கை வரை, அப்புறம் எஞ்சின். பேத்தியின் பிறந்தநாள் விருந்தில் சொன்ன கதையில் விமானி மயங்கி விழ, புயலுக்கு நடுவே நானே விமானத்தைத் தரையிறக்கிவிட்டேன்.

சம்பந்தி தட்டைக் கீழே வைத்தார். "அந்த விமானம் இப்ப மியூசியத்துல நிக்குதாம். ஞாயித்துக்கிழமை போவோம். நீங்க அதுல கை வெச்சதுக்கு ஒரே ஒரு அடையாளம் காட்டுங்க. இல்லேன்னா இனிமே எந்த விசேஷத்துலயும் நீங்க விமானக் கதை எடுக்கக் கூடாது."

குடும்பமே கை தட்டியது. பலமாகத் தட்டியது என் மனைவி.

விமானக் கதையைப் பிடுங்கிவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன? முழங்கால் வலியும் மூன்று வேளை மாத்திரையும். அதை வைத்துக்கொண்டு எந்த விருந்தில் யாரைச் சிரிக்கவைப்பது?

ஞாயிறன்று சம்பந்தி, நான், என் மனைவி மூவரும் போனோம். முதலில் விண்வெளிக் கூடம். ஆகாயத்தையே முட்டுகிற ராக்கெட். நிமிர்ந்து பார்த்ததில் என் கழுத்து அரை மணி நேரம் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிலாக் கல் ஒன்று. எங்கள் குளியலறையை இடித்தபோது இதைவிட லட்சணமான கல் நாலு மூட்டை தூக்கிப் போட்டோம். ஒருத்தரும் வரிசையில் நின்று பார்க்கவில்லை. விண்வெளி வீரர்கள் போய்வந்த குட்டிக் கலத்துக்குள் என் மனைவி தலையை நீட்டினாள்.

"மூணு ஆம்பளைங்க எட்டு நாள் இதுக்குள்ளயாங்க இருந்தாங்க? யாரு கூட்டினது?"

சம்பந்திக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. "விமானம் எங்க?" என்பதே பேச்சு.

வெளி மைதானத்தில் நின்றது என் விமானம். வழிகாட்டும் பெண் எங்களைப் படியேற்றி உள்ளே விட்டாள். நான் நேராகப் பதினேழாம் வரிசைக்குப் போய்த் தரையில் படுத்தேன். அந்த ஜன்னல் இருக்கையின் அடியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆணியால் என் பெயரைக் கீறியிருந்தேன். தடவினேன். வழவழவென்று இருந்தது.

"சீட்டெல்லாம் வேற விமானத்துலேருந்து எடுத்துப் போட்டது, சார்," என்றாள் அந்தப் பெண்.

"ஆகா!" என்றார் சம்பந்தி. அந்த 'ஆகா'வில் என் மீதி ஆயுள் முழுக்க ஊமையாகக் கழிவது தெரிந்தது.

வெற்றிக் களிப்பில் அவர் பின்பக்கம் நடந்தார். அங்கே இரண்டு கழிப்பறைகள். டிக்கெட் இல்லாதவன் ஒளிகிற இடம் கழிப்பறை என்பது அவர் ரத்தத்தில் ஊறியது; ஓடாத விமானமானாலும் அவரால் திறந்து பார்க்காமல் கடக்க முடியாது. வலது பக்கத்தைத் திறந்தார். உள்ளே போய், கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சாத்தினார். 'டக்' என்றது.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் டக்!

"சம்பந்தி! திறக்க மாட்டேங்குதே!"

வழிகாட்டி வெளியிலிருந்து நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. "கட்டரை எடுத்துட்டு வாங்க, கதவை அறுக்கணும்," என்று வாக்கி டாக்கியில் கத்தினாள்.

"என்னையும் சேர்த்து அறுத்துடாதீங்க!" என்றது கதவு.

எனக்குத் திறக்கத் தெரியும். ஆனால் திறந்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மனைவிக்கும் தெரிந்துவிடும். கதவை அறுத்துவிட்டாலோ, உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே ஆதாரமும் போச்சு. கதவோடு காதை ஒட்டினேன்.

"சம்பந்தி, அடையாளம் கிடைச்சிடுச்சு."

"இப்பவா அதைப் பேசறது?"

"நீங்க அதுக்குள்ளதான் இருக்கீங்க. இடது பக்கத் தாழ்ப்பாளை வலது பக்கத்துல தலைகீழா மாட்டினது நான்தான். விழும், எழும்பாது. ஒத்துக்கறீங்களா?"

"யாரு வேணும்னாலும் சொல்லலாம். ஆதாரம்?"

இடுப்பால் கதவைத் தூக்கிக் கொடுத்து, கீழ் மூலையில் குதிகாலால் ஓர் உதை விட்டு, கைப்பிடியைத் திருகினேன். கதவு திறந்தது. சம்பந்தி வியர்வையில் குளித்து நின்றார்.

"எத்தனை வருஷம் இப்படியே பறந்துது?"

"பதினொண்ணு. பணிப்பெண்களுக்கு உதைக்கக் கத்துக்கொடுத்துட்டேன்."

"மேலதிகாரிகிட்ட சொல்லலியா?" என்றாள் என் மனைவி.

"அதை மாட்டின வருஷம்தான் எனக்குச் சிறந்த ஊழியர்னு கேடயம் குடுத்தாங்க..."

"அடப்பாவி மனுஷா! அந்தக் கேடயத்தை இருபத்தெட்டு வருஷமா நான் துடைச்சுக்கிட்டு இருக்கேன்!"

வழிகாட்டி மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தாள். "சார், ஒருநாள் வந்து இதைச் சரியா மாட்டிக் கொடுத்துடுங்களேன். ஆபத்தாச்சே."

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி கதவை மறித்து நின்றார். என்னைப் பார்த்துக் கை நீட்டுகிறவர், முதல் முறையாக எனக்காக அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பூட்டிப் போட்டு ஒரு போர்டு வைம்மா. தாழ்ப்பாளை மட்டும் தொடாதே. இந்த மனுஷன் வாழ்க்கையில சொன்னதுல, நான் செக் பண்ணி உண்மைன்னு விட்டது இது ஒண்ணுதான்."