எலிசாளின் அறப்பு

காலையில் கிணற்றடிக்குப் போக வேண்டுமென்றால் தில்லையம்பலம் அறை வாசலிலேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வான். அதிக தூரமில்லை. ஆனால் நடுவில், அம்மிக்குப் பக்கத்து ஈரமண்ணில், எலிசாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். இருட்டோடு விழிஞ்ஞத்திலிருந்து புறப்படும் மீன்காரிகள் கூடைகளைத் தலையில் வைத்து ஓட்டமும் நடையுமாகப் புத்தன்சந்தைக்கு வந்துவிடுவார்கள். எலிசாள் வாங்கி வந்ததைச் சாம்பலில் புரட்டி, வாலைப் பிடித்து, அரிவாள்மணையில் வைத்துத் தேய்ப்பாள். செதில்கள் அவள் முழங்கைவரை தெறித்து ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னும். குடலை உருவி எறிந்தால் இரண்டு பூனைகள் அதற்காக ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். தில்லையம்பலம் ஆகாயத்தைப் பார்த்தபடி கடந்து போவான். மூச்சை எவ்வளவு அடக்கினாலும் அந்த வாடை தோலின் வழியாக உள்ளே இறங்குவது போல் அவனுக்குத் தோன்றும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது அந்தக் கயிற்றிலும் வாளியிலும்கூட மீன் நாறும்.

அவன் யாழ்ப்பாணத்து இணுவில்காரன். அவன் தகப்பன் ஆறுமுகத்தார் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் மணியகாரர். கொழும்பில் இடம் கிடைக்காமல் போனதால், திருவனந்தபுரத்தில் புதிதாகப் பல்கலைக்கழகம் ஏற்பட்டிருக்கிறது, அங்கே சேர்ந்து படிக்கலாம் என்று யாரோ சொல்ல, தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, செங்கோட்டை மலைக்குகைகளை ரயிலில் தாண்டி வந்து சேர்ந்தான். அதற்குள் விடுதி நிரம்பிவிட்டது. கரமனை அக்ரஹாரத்தில் அறை கேட்டான். 'எங்க மனுஷாளுக்கு மட்டுந்தான் குடுக்கறது' என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கிடைத்தது ஞானையன் வீட்டு முன்னறை. ஞானையனுக்கு ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. நெய்யூர்ப் பக்கத்திலிருந்து வந்த வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கணவனும் மனைவியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. இவன் மரக்கறிக்காரன் என்று தெரிந்ததும் எலிசாள், "தம்பிக்குத் தனிச் சட்டியில வச்சுத் தாறேன், மீன் தொட்ட கரண்டி படாது" என்றாள். அவன் வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

சாப்பாட்டுக்குப் பிராமணாள் காப்பி கிளப்புக்குப் போனான். அங்கே முதல் நாளே முன்கூடத்தில் உட்காரப் போனவனைப் பரிமாறுகிறவன் கையைக் காட்டித் தடுத்தான். பிராமணரல்லாத மற்றவர்கள் தட்டிக்குப் பின்னால்தான் உட்கார வேண்டுமாம். இணுவிலில் தேர்வடத்தை முதலில் தொடும் வீட்டுப் பிள்ளை தட்டிக்குப் பின்னால், புகை படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, தேங்காயெண்ணெய் மணக்கும் சாம்பாரை விழுங்கினான். பெருவிரல் தடியான சிவப்பரிசிச் சோறு தொண்டையில் நின்று நின்று இறங்கியது. தேசமா இது என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலிசாளின் அண்ணன் ஊரிலிருந்து வந்தான். வெள்ளை வேட்டி, கையில் வேதப்புத்தகம். ஆனால் அவன் பாதங்களைத் தில்லையம்பலம் பார்த்துவிட்டான். உள்ளங்கால் விளிம்பில் கறுத்துக் காய்த்துப்போன தழும்பு. பனையேறிக் கால். இணுவிலில் அப்படிப்பட்ட கால்கள் வேலிக்கு வெளியே நிற்கும். தாகமென்றால் ஓலையை மடித்துக் கோலிக்கொண்டு குனிவார்கள், அம்மா உயரத்திலிருந்து தண்ணீர் வார்ப்பாள். இப்போது தில்லையம்பலம் படுத்திருப்பது அவர்களுடைய கூரைக்குக் கீழே. அன்றிரவு அவனுக்குப் பாய் உறுத்தியது. மறுநாள் வேறு அறை தேடினான், கிடைக்கவில்லை. அதன்பிறகு எலிசாளை எப்படிக் கூப்பிடுவது என்பது பெரிய சிக்கலாகிவிட்டது. அக்கா என்று வாய் வரவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட இது அவன் ஊருமில்லை. 'வாளி எங்கை', 'கதவு பூட்டட்டோ' என்று மொட்டையாகச் சுவரிடம் சொல்வது போலச் சொல்லிப் பழகிக்கொண்டான். அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, "என்ன தம்பி" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் அவன் நோயில் விழுந்தான்.

கிளப்பில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதே வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவது போலிருந்தது. முதலில் கக்கூஸுக்கு ஓடினான். பிறகு ஓட முடியவில்லை, நடந்தான். பொழுது சாய்வதற்குள் எழுந்திருக்கவே முடியவில்லை. வாந்தி பாயில் பரவியது. வேட்டி நனைந்து குளிர்ந்து உடம்போடு ஒட்டியது. எப்போதும் மணமற்றதென்று அவன் நினைத்திருந்த தன் உடம்பிலிருந்து, மீன் வாடையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிற ஒரு நாற்றம் எழுந்து அறையை நிறைத்தது. அதிலிருந்து விலகிப் படுக்க அவனுக்கு இடமில்லை.

வேலை முடிந்து வந்த ஞானையன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வாந்திபேதியாக்கும். எலிசா, நீ உள்ள போவாத. முனிசிப்பால்டில சொல்லிரணும், வண்டி வந்து கொண்டு போவும்."

"வண்டில ஏத்துனா பின்ன திரும்பாது" என்றாள் எலிசாள். "எங்க அப்பன அப்படித்தான் கொண்டு போனாவ. குழி எங்கேன்னுகூட காட்டித்தரல்ல. நீரு போய் டாக்டர விளிச்சிட்டு வாரும்."

டாக்டர் வந்து பார்த்து, வாந்திபேதி இல்லை, கடுமையான வயிற்றுக்கடுப்பு என்று சொல்லி மருந்து கலக்கிக் கொடுத்தார். கஞ்சித் தெளிவைத் தவிர வேறெதுவும் கூடாது, படுக்கையை ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்றார். யார் வைத்திருப்பது என்று அவர் சொல்லவில்லை. ஞானையன் இணுவிலுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்தான்.

எலிசாள்தான் எல்லாம் செய்தாள். அவனைப் புரட்டி, துணியை உருவி, வெந்நீரில் துடைத்து, கிழிந்த சேலைத் துண்டுகளை அடியில் விரித்தாள். நனைந்ததும் எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி வந்தாள். ஒரு தடவை குமட்டல் தாங்காமல் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்று அழுதான். "இரி மக்களே, ஒண்ணுமில்ல, எல்லாம் வெளிய போவட்டும்" என்று அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். அந்தக் கையில் மீன் வாடை இருந்ததா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. உப்புப் போட்ட கஞ்சித் தெளிவை அவள் கரண்டியால் ஊற்ற ஊற்றக் குஞ்சு போல வாயைத் திறந்து குடித்தான்.

காய்ச்சல் விட்டபின் ஒரு காலை, வெயில் அறைக்குள் கொஞ்சம் வந்திருந்தது. எலிசாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தில்லையம்பலத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அக்கா, உங்களுக்கு அருவருக்கேல்லையோ?"

பெற்ற பிள்ளைக்குச் செய்ததுபோல்தான் என்று அவள் சொல்வாள், தனக்குக் கண் கலங்கும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான்.

அவள் துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினாள். "அறச்சுது. பின்ன அறக்காதா? ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல்ல. ஒம்ம துணிய அலக்கப் போவும்பம் கிணத்தடியில நின்னு நானும் ஓக்காளிச்சேன், கேட்டீரா. அம்மாடி, என்ன நாத்தம்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அறப்பு அது பாட்டுக்கு இருக்கும். அதுக்காக ஒரு மனுசன அப்படியே போட்டிர முடியுமா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவன் முகம் சூடேறியது. இந்தப் பெண், சாம்பல் கையோடு மீன் குடலை உருவி எறிகிறவள், தன்னை நினைத்து ஓக்காளித்திருக்கிறாள். தன்னைக் கண்டு ஒருவருக்குக் குமட்டும் என்பது அதுவரை அவன் புத்தியில் படாத விஷயம். செய்த உதவியெல்லாம் பின்னால் போய், அந்தச் சிரிப்புதான் நாள்முழுக்க முன்னால் நின்றது. சொல்லாமலிருந்திருக்கலாம் அவள் என்று திரும்பத் திரும்ப நினைத்தான்.

ஆறுமுகத்தார் வந்து சேர்ந்தபோது நண்பகல். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மடித்த சால்வை, பிரயாணத்தில் இளைத்த முகம். மகன் உயிரோடிருப்பதைக் கண்டதும் "பிள்ளையாரே" என்று கையெடுத்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை அறையைச் சுற்றியது. சுவரில் சிலுவை. முற்றத்தில் அரிவாள்மணை, காய்ந்த செதில். அவர் படியேறவில்லை. முற்றத்தில் நின்றபடி சன்னல் வழியாகவே பேசினார்.

"தம்பி, இது ஆருடைய வீடடா? என்ன ஆக்கள்?"

"வேதக்காரர், ஐயா."

"அது தெரியுது. இஞ்சை தண்ணி வென்னி வாங்கிக் குடிச்சனியோ?"

ஊரில் இன்னும் கல்யாணம் பேசவேண்டிய தங்கை இருந்தாள். கோயில் மணியம் இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் அவற்றையெல்லாம் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. வார்த்தை தானாகவே வந்தது.

"இல்லை ஐயா. கிளப் ஐயர் கஞ்சி அனுப்பினவர்."

"அப்ப கழுவித் துடைச்சது?"

"ஒரு தோட்டி வந்தவன்."

சொல்லி முடித்தபோதுதான் சமையலறைப் பக்கத்துக் கதவில் எலிசாள் நிற்பதைப் பார்த்தான். கையில் ஆவி பறக்கும் கஞ்சிக் கிண்ணம். இவர்கள் பேசுகிற வேகத்தில் அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று ஒரு கணம் நினைத்தான். இரண்டு மாதமாக அவன் சுவரைப் பார்த்துப் பேசியதையெல்லாம் புரிந்துகொண்டவள் அவள்.

ஆறுமுகத்தாரும் அவளைக் கண்டார். கொஞ்சம் கூச்சத்தோடு, "பிள்ளைக்கு இடம் தந்த வீடு, நல்லாயிருக்க வேணும்" என்றார்.

"தோட்டிதான் கழுவினான், பெரியவரே" என்றாள் எலிசாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "தம்பி சொன்னது நேருதான்."

"ஓம், ஓம்" என்று தலையாட்டினார் அவர்.

அவள் படியிறங்கி, கஞ்சியை வாழை மூட்டில் கொட்டினாள். கிணற்றடியில் அந்தக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள். அவளைக் கூப்பிட வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும் என்று தில்லையம்பலத்துக்கு இருந்தது. தகப்பன் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பசித்த வயிறு கஞ்சியின் மணத்துக்குச் சத்தமிட்டது, அதைக் கேட்டபோது அவனுக்குத் தன் வயிற்றின் மீதே வெறுப்பு வந்தது.

மறுநாளே சாலைக் கடைத்தெருவில் குற்றாலலிங்கம் பிள்ளை என்ற திருநெல்வேலி அரிசி வியாபாரியின் வீட்டு மாடியில் இடம் ஏற்பாடாயிற்று. சைவ வீடு. ஞானையன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். "நல்லாப் படியும் தம்பி" என்றான். அவனுக்கு எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. எலிசாள் வெளியே வரவில்லை. வண்டி திரும்பும்போது கொல்லைப் பக்கமிருந்து புகை கிளம்பியது. அவன் படுத்த பாயை அவள் எரித்துக்கொண்டிருந்தாள். "துப்புரவான மனுசி" என்றார் ஆறுமுகத்தார்.

பிள்ளை வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வெள்ளையரிசிச் சோறு, நெய், பருப்பு, வாழையிலை. முன்கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். ஆனாலும் முதல் கவளத்தில் ஏதோ ஒரு வாடை வருவது போல இருக்கும். இலையை மோந்து பார்ப்பான், கையை மோந்து பார்ப்பான். கல்லூரியில் பக்கத்தில் உட்காருகிறவன் சற்று நகர்ந்தால் தன்னால்தானோ என்று சட்டைக் கழுத்தைக் குனிந்து மோந்துகொள்வான். ஒரு நாளைக்கு மூன்று வேளை குளித்தான். சவர்க்காரம் கரைந்ததே தவிர, அது போகவில்லை. பிள்ளையின் மனைவி விஜயம், "கொழும்புப் பிள்ளைக்கு எம்புட்டுச் சுத்தம்!" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால், கல்லூரிக்குப் போகும் வழியில், புத்தன்சந்தை முனையில் எலிசாளைக் கண்டான். மழை விட்டு வெயில் அடித்தது. மீன்காரி கூடையை இறக்கி வைத்து வாழையிலையை விலக்கியிருந்தாள். ஈக்கள் மொய்த்தன. எலிசாள் முன்னால் குந்தியிருந்தாள். தில்லையம்பலம் நின்றான். மூச்சை அடக்கத் தோன்றவில்லை. இரண்டு எட்டு முன்னால் வைத்தான். சொல்ல வேண்டியதை அவன் எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். அவனுடைய நிழல் கூடையின் மேல் விழுந்தது.

மீன்காரிதான் முதலில் நிமிர்ந்தாள். புத்தகமும் கையுமாக ஒரு பையன் அங்கே நிற்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஆரு சேச்சி, இது?"

எலிசாள் அவனைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"அறிஞ்சூடா" என்றாள். தெரியாது.

பிறகு கூடைக்குள் கைவிட்டு ஒரு மீனை எடுத்தாள். கட்டைவிரலால் செவுளை நெம்பித் திறந்து, மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளிக்கவில்லை. அதைக் கூடையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.